வேதாகமத்தில் ‘நரகம்’: தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் உள்ள மூலச்சொல்லைக் கண்டறிவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு துக்க வீட்டில் மாலை ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். யோசேப்பின் பலவருணமான அங்கி இரத்தத்தில் தோய்ந்து வந்ததைக் கண்டு யாக்கோபு புலம்பும் பகுதியை ஒருவர் வாசித்தார். “நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்” என்ற வரி வந்ததும், அருகில் இருந்த பெரியம்மா ஒருவர் என் பக்கம் சாய்ந்து, “ஏன் தம்பி, யாக்கோபு நரகத்துக்கா போறேங்காரு?” என்று மெல்லக் கேட்டார்.

அந்த வசனத்தில் நரகம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பாதாளம் என்றால் நரகம்தான் என்று பல ஆண்டுப் பிரசங்கங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. நியாயமான கேள்வி என்பதால் அதற்கு நியாயமான பதிலும் வேண்டும். தமிழ் வேதாகமத்தில் நரகம், எரிநரகம், பாதாளம், பாதாளக்குழி, அக்கினிக்கடல் ஆகிய சொற்களில் ஒன்று எதிர்ப்படும்போது, மூலமொழியில் அங்கே நிற்கும் சொல் எது, அது என்ன பொருள் தருகிறது என்பதை எபிரெயமும் கிரேக்கமும் படிக்காத ஒருவர் தாமே கண்டறியும் முறையை இங்கே எழுதுகிறேன்.

தேவைப்படும் நூல்கள்

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளும், எந்தச் சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டி, மூலச்சொற்களுக்கு எண் கொடுத்திருக்கும் ஓர் ஒத்தவாக்கிய அகராதியும் போதும். முதலாவது, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்தது. இரண்டாவது, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியம். எண்களுக்கு, ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியின் எண்முறையைப் பயன்படுத்தும் கைப்பேசிச் செயலி எதுவானாலும் சரி. அந்த எண்கள் ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பின் சொற்களோடு இணைக்கப்பட்டவை. வசனத்தைத் திறந்து சொல்லின்மேல் தொட்டால் எண் தெரியும், ஆங்கிலப் புலமை தேவைப்படாது.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் ஆறுதான். எபிரெயத்தில் 7585 என்றால் ஷெயோல். கிரேக்கத்தில் 86 என்றால் ஹாதேஸ், 1067 என்றால் கெகென்னா, 5020 என்றால் தார்தாருவில் தள்ளுதல் என்ற வினைச்சொல், 12 என்றால் அபிஸ்ஸோஸ், 3041 என்றால் லிம்னே. என் வேதாகமத்தின் முதல் வெற்றுத்தாளில் இவற்றைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் தமிழ்ச் சொல்லை நம்புங்கள்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பொருளைப் பற்றி நாம் கேட்கும் விளக்கங்களில் பெரும்பகுதி ஆங்கில நூல்களிலிருந்து வந்தது. ஆங்கில வாசகருக்கு இருந்த குழப்பமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. 1611ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பதிப்பு, ஷெயோல் என்ற ஒரே எபிரெயச் சொல்லை 31 இடங்களில் ‘ஹெல்’ என்றும், 31 இடங்களில் கல்லறை என்றும், 3 இடங்களில் குழி என்றும் பெயர்த்தது. அதே ‘ஹெல்’ என்ற சொல்லையே புதிய ஏற்பாட்டில் ஹாதேசுக்கும் கெகென்னாவுக்கும் தார்தாருவுக்கும் போட்டது. மூன்று நான்கு வேறு இடங்கள் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்துவிட்டன. 1881இலும் 1885இலும் அதைத் திருத்தியவர்கள், பல இடங்களில் ஹாதேஸ், ஷெயோல் என்று மூலச்சொற்களையே எழுதிச் சிக்கலைக் குறைக்கப் பார்த்தார்கள்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஷெயோலுக்கும் ஹாதேசுக்கும் பாதாளம், கெகென்னாவுக்கு நரகம் அல்லது எரிநரகம் என்பதே அதன் பொதுவழக்கம். யாக்கோபின் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கிங் ஜேம்ஸ் பதிப்பு அங்கே கல்லறை என்கிறது, தமிழ் பாதாளம் என்கிறது. தமிழே மூலத்துக்கு நெருக்கம். ஆகவே உங்கள் முதல் வேலை, வசனத்தில் உள்ள தமிழ்ச் சொல் பாதாளமா நரகமா என்று பார்த்து, அவற்றைப் பேச்சில் ஒன்றாகக் கலக்காமல் இருப்பது. பாதிக் குழப்பம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் எண்கள்.

ஷெயோலைப் படிக்கும் முறை

எண் 7585 வந்தால், அந்த வசனத்தில் அதற்கு இணையாக நிற்கும் சொல்லைத் தேடுங்கள். எபிரெயக் கவிதை ஒரே கருத்தை இரண்டு அடிகளில் இரண்டு விதமாகச் சொல்லும் இயல்புடையது. ஆகவே ஒரு சொல்லின் பொருளை அதன் பக்கத்து அடியே காட்டிக்கொடுத்துவிடும். “மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை, பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?” என்று 6ஆம் சங்கீதம் கேட்கிறது. இங்கே பாதாளத்துக்கு இணை மரணம். வேறிடங்களில் குழி, அழிவு, இருள், மௌனம் ஆகியவை இணையாக வரும். நெருப்பு அரிது.

அடுத்து, அங்கே யார் போகிறார்கள் என்று பாருங்கள். யாக்கோபு போக எதிர்பார்க்கிறார். அதுவும், கொடிய மிருகம் பட்சித்துவிட்டதாகத் தாம் நம்பும் அருமை மகனிடம் போக. யோபு தம்மைத் தேவன் பாதாளத்தில் ஒளித்து, கோபம் தீருமட்டும் மறைத்துவைக்க வேண்டும் என்று கெஞ்சுகிறார். வேதனைக்குத் தப்புவதற்கு நரகத்தில் ஒளிந்துகொள்ள யாரும் கேட்கமாட்டார்கள். பிரசங்கி 9:10 தன் வாசகர் எல்லாரையும் நோக்கி, “நீ போகிற பாதாளத்திலே செய்கைகளும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லையே” என்கிறது. நல்லவர், கெட்டவர், அரசர், அடிமை எல்லாரும் இறங்கும் செத்தோர் உலகமே ஷெயோல். துதியும் வேலையும் அற்ற, நிழல்போன்ற ஓரிடம் அது. ஆனாலும் தேவனுக்கு எட்டாத இடம் இல்லை என்பதை 139ஆம் சங்கீதம் ஒரு வீட்டுப் படிமத்தால் சொல்கிறது: “நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்.”

இணைச்சொல்லை எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு சங்கீதம் 16:10 நல்ல எடுத்துக்காட்டு. பழைய மொழிபெயர்ப்பில் “என் ஆத்துமாவைப் பாதாளத்தில் விடீர், உம்முடைய பரிசுத்தவான் அழிவைக் காணவொட்டீர்” என்று இருக்கிறது. திருவிவிலியம் அந்த ‘அழிவு’ என்ற இடத்தில் ‘படுகுழி’ என்கிறது. எபிரெயத்தில் உள்ள ‘ஷாகாத்’ பெரும்பாலும் குழியைக் குறிக்கும். பாதாளத்துக்குக் குழி இயல்பான இணை. ஆனால் கிறிஸ்துவுக்கு முன் எழுந்த கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் பதிப்பு அதை உடல் அழுகிப்போதல் என்ற பொருளில் பெயர்த்தது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதாக அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரம் தரும் வாதம் அந்தக் கிரேக்கச் சொல்லின்மேல் நிற்கிறது: தாவீதின் உடல் அழிந்தது, இயேசுவின் உடல் அழியவில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த வாதம் சங்கீதத்திலேயே தெரியும்படி எழுதியது. திருவிவிலியம் எபிரெயக் கவிதையின் இணையைக் காத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே இந்த நுட்பம் தெரியும் என்பதால்தான் இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும் என்றேன்.

ஹாதேஸ்

இதில் நீண்ட வேலை இல்லை. எழுபதின்மர் பதிப்பு ஷெயோலைப் பெரும்பாலும் ஹாதேஸ் என்று பெயர்த்ததால், புதிய ஏற்பாட்டில் ஹாதேஸ் வரும்போது முதலில் ஷெயோல் என்றே நினைத்துக்கொள்ளலாம். நம்பத்தகுந்த பழைய கையெழுத்துப் படிகளின்படி அது 10 இடங்களில் வருகிறது. “பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை” என்ற மத்தேயு 16:18 அவற்றுள் புகழ்பெற்றது. அங்கே பிசாசின் படை கோட்டையிலிருந்து சபையைத் தாக்கப் புறப்படுவதாகப் பலர் விளக்குவார்கள். வாசல் யாரையும் துரத்திப் போகாது; உள்ளே போனவரை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். மரணம் சபையை அடைத்துப்போட முடியாது என்று படிப்பதே சொல்லுக்குப் பொருந்துகிறது.

இந்தப் பொதுவிதியைத் தாண்டுவது லூக்கா 16:23. ஐசுவரியவான் ‘பாதாளத்திலே’ வேதனைப்படுகிறான், நாவு எரிகிறது, நடுவே பெரும்பிளப்பு. மூலத்தில் இங்கே இருப்பதும் ஹாதேஸ்தான், கெகென்னா இல்லை. ஷெயோலுக்குள் நீதிமானுக்கும் அநீதிமானுக்கும் வெவ்வேறு பகுதி உண்டு என்ற எண்ணம் அக்கால யூதரிடையே வளர்ந்திருந்தது. இந்தக் கதை அந்த எண்ணத்தின்மேல் நடக்கிறது. அந்த ஐசுவரியவானின் ஐந்து சகோதரர்கள் இன்னும் உயிரோடு தகப்பன் வீட்டில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்: இறுதி நியாயத்தீர்ப்புக்குப் பின்னான காட்சியாக இதைப் படிக்க முடியாது.

கெகென்னா: வரைபடத்தில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு

எண் 1067 வந்தால் வேகத்தைக் குறையுங்கள். நாம் நரகம் என்று சரியாகச் சொல்லக்கூடிய சொல் இதுவே. அது ஒரு பூகோளப் பெயர் என்பதுதான் வியப்பு. எருசலேமின் பழைய நகரத்துக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் வளைந்து செல்லும் இன்னோம் பள்ளத்தாக்கு, எபிரெயத்தில் கே-இன்னோம். அராமிய வழக்கு வழியாகக் கிரேக்கத்தில் அது கெகென்னா ஆயிற்று. தமிழ் முஸ்லிம்கள் ஜஹன்னம் என்று வழங்கும் சொல்லுக்கும் அதே பள்ளத்தாக்குத்தான் பிறப்பிடம்.

அந்த இடத்தின் வரலாற்றைப் பழைய ஏற்பாட்டிலேயே படித்துவிடலாம். ஆகாஸ், மனாசே ஆகிய அரசர்கள் அங்கே தங்கள் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணினார்கள் என்று நாளாகமம் சொல்கிறது. தோப்பேத் என்ற அந்தப் பலிமேட்டை யோசியா தீட்டுப்படுத்தினார் என்பது 2 இராஜாக்கள் 23:10. எரேமியா 7ஆம் அதிகாரம் அந்த இடம் இனி இன்னோம் என்னப்படாமல் சங்காரப் பள்ளத்தாக்கு என்னப்படும் என்றும், புதைக்க இடம் போதாமல் பிணங்கள் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் இரையாகும் என்றும் எச்சரிக்கிறது. பிள்ளைகளை எரித்த இடமே எரித்தவர்களின் தண்டனைக் களமாக மாறுகிறது. பிற்பாடு யூதர் அந்தப் பெயரை இறுதித் தண்டனைக்கு இட்டதற்கு இந்த நினைவே காரணம் என்று கொள்ளலாம். அந்தத் தண்டனையின் காலத்தைப் பற்றியும் அவர்களிடையே ஒரே கருத்து இல்லை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, கெகென்னாவில் துன்மார்க்கரின் தண்டனை பன்னிரண்டு மாதம் என்று ரபி அக்கிபா கூறியதாகப் பதிவுசெய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இயேசுவின் காலத்தில் இன்னோம் பள்ளத்தாக்கு நகரத்தின் குப்பைமேடாக இருந்தது, குப்பை இரவும் பகலும் எரிந்துகொண்டே இருந்தது என்ற விளக்கத்தைப் பிரசங்கங்களில் நூறு முறையாவது கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆதாரம் மெலிது. அதை நமக்குச் சொல்லும் பழைய எழுத்து, கி.பி. 1200 அளவில் ஐரோப்பாவில் வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியர் 27ஆம் சங்கீதத்துக்கு எழுதிய உரை. அதற்கு முந்தைய எழுத்துச் சான்றோ, எரிந்துகொண்டே இருந்த குப்பைமேட்டுக்கான தொல்லியல் சான்றோ கிடையாது. எரேமியாவின் வசனங்களே போதுமான கனம் உடையவை, அவற்றையே சொல்லுங்கள்.

பள்ளத்தாக்கை மேலிருந்து நோக்கும் கேதேப் இன்னோம் என்ற மேட்டில் 1979இல் கபிரியேல் பார்க்காய் தலைமையில் நடந்த அகழாய்வில், கல்லறைக் குகை ஒன்றிலிருந்து சுருட்டிய சிறு வெள்ளித் தகடுகள் இரண்டு கிடைத்தன. “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்” என்ற எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் ஆசீர்வாதம் அவற்றில் கீறப்பட்டிருந்தது. வேதாகமப் பகுதி ஒன்றைத் தாங்கிய எழுத்துகளில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவையே. நரகத்துக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தாக்கின் கரையில் கிடைத்தது ஆசீர்வாதம்!

கெகென்னா புதிய ஏற்பாட்டில் 12 முறை வருகிறது: மத்தேயுவில் 7, மாற்குவில் 3, லூக்காவில் 1, யாக்கோபு நிருபத்தில் 1. சுவிசேஷங்களில் வரும் பதினொன்றும் இயேசுவின் வாய்மொழி. பவுல் நிருபங்களிலும் யோவான் சுவிசேஷத்திலும் இந்தச் சொல் இல்லவே இல்லை. யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்ற கேள்வியை இந்தப் பன்னிரண்டிடமும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சீஷர்கள், அல்லது வேதபாரகர், பரிசேயர். மார்க்கம் அறியாத அயலாரை நோக்கி ஒரு முறைகூட வரவில்லை.

மாற்கு 9:43 முதல் 48 வரை படிக்கும்போது, “அங்கே அவர்கள் புழு சாவாமலும் அக்கினி அவியாமலுமிருக்கும்” என்ற வரி பழைய மொழிபெயர்ப்பில் மூன்று முறை வரும். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் 44, 46ஆம் வசனங்கள் இல்லை; 48 மட்டும் உண்டு. அந்த வரி ஏசாயா 66:24இன் மேற்கோள். அங்கே திருப்பிப் பாருங்கள்: தமிழில் ‘புழு’ என்ற இடத்தில் ‘பூச்சி’ என்றிருக்கும், பொருள் ஒன்றுதான். முக்கியமான வேறுபாடு முன்பாதியில் இருக்கிறது. ஏசாயாவில் புழுவும் நெருப்பும் பற்றியிருப்பது ‘மனுஷருடைய பிரேதங்களை’. வெளியே போய்ப் பார்ப்பவர்களுக்கு அது அரோசிகம். உயிரோடு வதைபடுவோரின் காட்சியாக ஏசாயா எழுதவில்லை. மாற்குவில் அந்தப் படிமம் எவ்வளவு விரிகிறது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் மேற்கோளின் மூல இடத்தைப் பார்க்காமல் அந்த விவாதத்தைத் தொடங்கக் கூடாது.

ஓர் எழுத்து செய்யும் வேலை

மத்தேயு 23:33: “சர்ப்பங்களே, விரியன்பாம்புக்குட்டிகளே! நரகாக்கினைக்கு எப்படித் தப்பித்துக்கொள்ளுவீர்கள்?” இதைச் சத்தமாக வாசிக்கும் பத்துப் பேரில் பலர் நரக அக்கினி என்றே மனத்தில் கொள்கிறார்கள். அது நரக ஆக்கினை. ஆக்கினை என்றால் தண்டனைத் தீர்ப்பு. கிரேக்கத்திலும் கெகென்னாவின் தீர்ப்பு என்றே இருக்கிறது, நெருப்பு அங்கே இல்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இரண்டும் அருகருகே வருகின்றன: 41ஆம் வசனத்தில் நித்திய அக்கினி, 46ஆம் வசனத்தில் நித்திய ஆக்கினை. ‘அ’ குறில், ‘ஆ’ நெடில். இறுதியில் ஒன்றுக்கு இகரம், மற்றதற்கு ஐகாரம். நரகம் பற்றிய வசனங்களை மேற்கோள் காட்டுமுன் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவது நல்லது; நானே இளம் வயதில் ஒரு வேதப்பாட வகுப்பில் இதைத் தவறாகச் சொல்லிவிட்டு, ஒரு தமிழாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மற்ற மூன்று எண்கள்

5020 ஒரே இடத்தில், 2 பேதுரு 2:4இல் வருகிறது. தார்தாரு என்பது கிரேக்கக் கதைகளில் ஹாதேசுக்கும் கீழே, தீத்தான்கள் அடைக்கப்பட்ட சிறை. பாவஞ்செய்த தூதர்களை அப்படிப்பட்ட இருட்சிறையில் நியாயத்தீர்ப்புக்கென்று வைத்திருப்பதைச் சொல்ல நிருபம் அந்தச் சொல்லை எடுத்தது. மனிதர் யாரும் அங்கே போவதாக வசனம் சொல்லவில்லை.

எண் 12, அபிஸ்ஸோஸ், அடியற்ற ஆழம். லூக்கா 8:31இல் பிசாசுகள் போக அஞ்சிய இடம் அதுதான். எண் 3041, லிம்னே, ஏரி. வெளிப்படுத்தின விசேஷத்தில் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் ‘அக்கினிக்கடல்’ கிரேக்கத்தில் நெருப்பு ஏரி. திருவிவிலியம் அப்படியே சொல்கிறது. கடல் என்றதும் எல்லையற்ற பரப்பைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை: லூக்கா 5:1இன் கெனேசரேத்துக் கடலுக்கும் கிரேக்கத்தில் இதே லிம்னேதான், மீனவர் ஒரே இரவில் வலைவீசி வரும் அளவு ஏரி.

தமிழ் சறுக்கும் இடங்கள்

பழைய மொழிபெயர்ப்பை நம்புங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. “துன்மார்க்கரும், தேவனை மறக்கிற எல்லா ஜாதிகளும், நரகத்திலே தள்ளப்படுவார்கள்” என்று சங்கீதம் 9:17இலும், “தாழ்ந்த நரகமட்டும் எரியும்” என்று உபாகமம் 32:22இலும் நரகம் வருகிறது. எண்ணைப் பார்த்தால் இரண்டும் 7585, அதாவது ஷெயோல். ஓரிடத்தில் துன்மார்க்கர் இருக்கிறார்கள், மற்ற இடத்தில் நெருப்பு இருக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பாளரின் பேனா நரகம் என்று சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். 2 பேதுருவின் தார்தாருவையும் அவர்கள் நரகம் என்றே எழுதினார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சறுக்கல் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 1:18இல் உயிர்த்த கிறிஸ்து “மரணத்திற்கும் பாதாளத்திற்குமுரிய திறவுகோல்களை” வைத்திருக்கிறார். 20:1இல் ஒரு தூதன் “பாதாளத்தின் திறவுகோலையும் பெரிய சங்கிலியையும்” பிடித்துக்கொண்டு இறங்குகிறான். தமிழில் படித்தால் ஒரே வாசலின் திறவுகோல் கைமாறியது போல் தோன்றும். எண்கள் வேறு: முதலாவது 86, இரண்டாவது 12. ஒன்று செத்தோர் இருக்கும் இடம், மற்றது வலுசர்ப்பத்தைக் கட்டிவைக்கும் ஆழம். தமிழில் பாதாளம் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாகப் போய்விட்டதால், வெளிப்படுத்தின விசேஷத்தில் மட்டும் ஒவ்வொரு பாதாளத்துக்கும் எண் பார்த்தே தீர வேண்டும்.

படிகளின் வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 கொரிந்தியர் 15:55 பழைய மொழிபெயர்ப்பில் “மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?” என்று இருக்கிறது, திருவிவிலியத்தில் இரண்டு முறையும் சாவையே விளித்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் விருப்பம் இதற்குக் காரணமில்லை. பிற்காலக் கிரேக்கப் படிகளில் ஹாதேஸ் இருக்கிறது. பழைய படிகளில் இரண்டு இடத்திலும் மரணமே இருக்கிறது.

நம் சொற்கள் தம்மோடு கொண்டுவருவது

நரகமும் பாதாளமும் கிறிஸ்தவம் வருமுன்பே இங்கே வாழ்ந்த சொற்கள். நரகம் என்றதும் தமிழ்ச் செவியில் யமனும், கிங்கரரும், எண்ணெய்க் கொப்பரையும் வந்து நிற்பார்கள். தண்டனை முடிந்ததும் மறுபிறப்பும் உண்டு. வேதாகமத்து நரகத்துக்கு அதிகாரி கிடையாது. பிசாசு அங்கே அரசாளுவதும் இல்லை. மத்தேயு 25:41இன்படி அந்த அக்கினியே அவனுக்காக ஆயத்தம்பண்ணப்பட்டது. பாதாளம் என்றால் நம் புராணங்களில் ஏழு கீழுலகங்களில் ஒன்று, நாகர் வாழும் செழிப்பான இடம், மகாபலியை அனுப்பிவைத்த திசை. அங்கே வதைக்கு வேலையில்லை. ஷெயோலுக்குப் பாதாளத்தைத் தேர்ந்தவர்கள் ‘கீழே இருப்பது, தண்டனைக்கென்று அமையாதது’ என்ற இரண்டு பண்பையும் பிடித்துக்கொண்டதால், அந்தத் தேர்வை நான் மெச்சுகிறேன். நாகலோகத்தின் செழிப்பை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

திருக்குறள் நரகத்துக்கு அளறு என்ற சொல்லை வழங்குகிறது. சேறு என்பதே அதன் முதற்பொருள். “பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து” என்று பாடும் 40ஆம் சங்கீதக்காரர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். வேதாகமத் தமிழில் அந்தச் சொல் இடம்பெறாதது எனக்கு ஒரு சிறு குறை.

அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் சொல்லும் சபைகளில் “பாதாளத்தில் இறங்கி” என்று வாரந்தோறும் சொல்கிறோம். இலத்தீனில் கீழுலகத்தாரிடம் இறங்கினார் என்ற பொருள். ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகள் ‘ஹெல்’ என்று சொல்லி, அது கிறிஸ்து நரகத்துக்குப் போனதாக ஒலிக்கிறதே என்று விளக்கம் சொல்லிச் சொல்லி, கடைசியில் புதிய வழிபாட்டு நூல்களில் ‘மரித்தோரிடம்’ என்று மாற்றினார்கள். தமிழில் மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை.

இந்த முறையின் எல்லை

எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதால், இறுதித் தண்டனை முடிவில்லாத வேதனையா, முற்றான அழிவா, எல்லாரும் இறுதியில் சீர்ப்படும் வரையிலான தண்டனையா என்ற பழைய வழக்கு தீர்ந்துவிடாது. பழைய சபை ஆசிரியர்களில் ஒரிகேன் மூன்றாம் நூற்றாண்டில் சீர்ப்படுதலைச் சொன்னார், அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டில் முடிவில்லாத வேதனையை உறுதியாக நாட்டினார். மத்தேயு 10:28இன் ‘அழிக்க வல்லவர்’ என்ற வினையையும் 25:46இன் ‘நித்திய’ என்ற அடைமொழியையும் ஒவ்வொரு தரப்பும் தன்பக்கம் இழுக்கிறது. ஆனால் அந்த வழக்கில் ஷெயோல் வசனங்களைச் சாட்சிக்கு அழைத்தால் அவை தவறான நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன என்று சொல்ல உங்களுக்கு இப்போது தெரியும்.

கையால் செய்து பாருங்கள்

வெளிப்படுத்தின விசேஷம் 20:13, 14ஐத் திறந்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். “மரணமும் பாதாளமும் தங்களிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தன.” பாதாளத்தின்மேல் 86 என்று எழுதுங்கள். “மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன. இது இரண்டாம் மரணம்.” மறுபடியும் 86, அக்கினிக்கடலின்மேல் 3041. இப்போது கிங் ஜேம்ஸ் பதிப்பைப் பாருங்கள்: மரணமும் ‘ஹெல்’லும் நெருப்பு ஏரியில் தள்ளப்பட்டன என்று இருக்கும். நரகம் எப்படி நரகத்துக்குள் விழும் என்று ஆங்கில வாசகர் திகைப்பார். உங்கள் பக்கத்தில் அந்தத் திகைப்புக்கு இடமில்லை. செத்தோரை அடைத்துவைத்திருந்த இடம் காலியாகி, அந்த இடமே ஒழிக்கப்படுகிறது. கெகென்னா என்று இயேசு அழைத்ததற்கு இணையான அக்கினிக்கடல் வேறாக நிற்கிறது.

இதே பென்சிலோடு ஆதியாகமம் 37:35க்குத் திரும்பினால் அங்கே 7585. பிள்ளை இருக்குமிடத்துக்கு நானும் போய்ச் சேருவேன் என்று ஒரு தகப்பன் அழுகிறான். துக்க வீட்டில் அந்தப் பெரியம்மாவிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான்: “இல்லை பெரியம்மா, செத்தவங்க இருக்கிற இடம், மகன் அங்க இருக்கான்னு நினைச்சு சொல்றார்.” அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பிள்ளைகிட்டதான் போறேங்காரு” என்றார்.